மறைக்கும் பூச்சும் காட்டும் பூச்சும்: இரும்புக் கதவும் கார்பன் பானெட்டும்

திருவள்ளூர் அருகே 1998-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த ஆலையிலிருந்து இன்று சிட்ரோன் கார்கள் வெளிவருகின்றன. வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் ரோலிங் மில்களும் வரிசைகட்டி நிற்கின்றன. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட டிங்கர், பெயிண்டர் பட்டறைகள் இரும்புத் தகட்டை வைத்தே தொழில் பழகியவை. கொல்கத்தா நெடுஞ்சாலையில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயங்கள் நடந்த வட்டாரமும் இதுவே. 1981-ல் மெக்லாரன் எம்பி4/1 கார்பன் ஃபைபர் உடற்கூட்டோடு ஃபார்முலா ஒன் களத்துக்கு வந்தபோது அது பந்தய உலகத்தின் புதுமை. இன்று அதே பொருளில் செய்த பானெட், ஸ்பாய்லர், கண்ணாடி மூடி ஆகியவை சாதாரண ஆர்வலரின் காரிலும் ஏறிவிட்டன. வெயிலில் மங்கி, வெளுத்து, உரிந்தபின் அவையும் இரும்பு பார்த்துப் பழகிய கைகளுக்குத்தான் வந்து சேர்கின்றன.

ஸ்பிரே கன், கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சு, அதை இறுக்கும் ஹார்ட்னர், தேய்க்கும் வாட்டர் பேப்பர் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். வேலை மட்டும் ஒன்றல்ல. எங்கே பிரிகிறது என்று அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அடியில் என்ன இருக்கிறது?

ஆலையிலிருந்து வரும் இரும்புக் கதவில் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதன்மேல் கிளியர் என்று நான்கு அடுக்குகள். மொத்தம் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் மட்டும் சுமார் 40 முதல் 50. கிளியர் போனாலும் நிறம் இருக்கிறது, நிறம் போனாலும் பிரைமர் இருக்கிறது. எதைக் கெடுத்தாலும் மேலே நிறம் அடித்து மூடிவிடலாம்.

கார்பன் பானெட்டில் நிறம் என்ற அடுக்கே கிடையாது. சுமார் 7 மைக்ரான் தடிமனுள்ள இழைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரு கற்றை. கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணி. துணியை இறுக்கிப் பிடிக்கும் எபாக்ஸி பிசின். அதற்கு மேல் நேராக கிளியர். படத்துக்கு மேல் போட்ட கண்ணாடிபோல, அதன் வேலை அடியில் இருப்பதைக் காட்டுவது. ஆகவே பூச்சுக்கு அடியில் நடக்கும் ஒவ்வொரு பிழையும் கடைசிவரை கண்ணில் படும்.

கெடுவது எப்படி?

வெயில் இரண்டுக்கும் எதிரி. திருத்தணி கோடையில் மாநிலத்தின் சூடான ஊர்களின் பட்டியலில் அடிக்கடி இடம்பிடிப்பது. புற ஊதாக் கதிர் இரும்புக் கதவின் கிளியரைத் தின்றால் மேற்பரப்பு மங்கி, பின் செதில் செதிலாக உரியும். கார்பனில் இன்னொரு தொல்லை சேர்கிறது: எபாக்ஸி பிசினுக்கு வெயில் ஆகாது. கிளியரில் இருக்கும் கதிர்த் தடுப்பு வேதிப்பொருள் தீர்ந்ததும் அடியிலுள்ள பிசின் மஞ்சளாகிறது, பிசினும் கிளியரும் பிடிவிடும் இடம் வெள்ளையாகிறது. இரும்பில் கெடுவது மேல் அடுக்கு. கார்பனில் மேல் அடுக்கோடு அடித்தளமும்.

கடற்காற்றில் கணக்கு மாறுகிறது. பழவேற்காடு, எண்ணூர் பக்கத்து உப்புக்காற்றில் இரும்புக் கதவில் ஒரு கல் தெறித்த புள்ளி போதும், துரு பிடித்துவிடும். கார்பன் துருப்பிடிக்காது. ஆனால் அது மின்சாரம் கடத்தும் பொருள். உப்பு ஈரத்தில் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம், இரும்பு போல்ட்டுகள் வழக்கத்தைவிட வேகமாக அரிபடும். பானெட்டைக் கழற்றும்போது கீல் போல்ட்டைப் பார்க்காமல் விடக்கூடாது.

ரோலிங் மில் பக்கம் நிறுத்தும் வண்டிகளில் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் விழும். காற்றில் வந்த இரும்புத் துகள் கிளியரில் குத்தி அங்கேயே துருப்பிடித்தவை. பட்டால் ஊதா நிறமாக மாறும் இரும்பு நீக்கித் திரவம் இரண்டுக்கும் பொருந்தும். பேப்பரைக் கையில் எடுக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும்.

தேய்க்கும்போது

மங்கல், மெல்லிய கீறல் மட்டும் என்றால் இரண்டிலும் வைத்தியம் ஒன்றே: 1500, 2000, 3000 என்று ஈரப் பேப்பர், பிறகு ரப்பிங் காம்பவுண்ட், பஃப்பிங். ஆனால் எவ்வளவு தேய்க்கலாம் என்பதில் இரும்புக்கு ஒரு வசதி உண்டு. தடிமன் அளக்கும் சாதாரண மீட்டரை வைத்தால் எண் வந்துவிடும். அது அடியில் உலோகம் இருப்பதை நம்பி வேலைசெய்யும் கருவி; கார்பன்மேல் வைத்தால் நம்பும்படியான எண் வராது. அல்ட்ராசோனிக் மீட்டர் வேண்டும், அது எல்லாப் பட்டறையிலும் இல்லை.

மீட்டர் இல்லாத இடத்தில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். பேப்பருக்கு அடியில் பால்போல வெள்ளையாக ஓடினால் கிளியர் தேய்கிறது. சாம்பல் நிறம் கலந்து, கரி கரைத்தாற்போலக் கருத்தால் இழையைத் தொட்டாயிற்று. அந்த நொடியில் கையை எடுக்க வேண்டும். அறுந்த இழையைத் திரும்ப ஒட்ட வழியில்லை. விளிம்பிலும் வளைவிலும் கிளியர் மெலிந்திருக்கும் என்பதால் அங்கே இயந்திரத்தை ஓட்டாமல் கையாலேயே தேய்க்க வேண்டும்.

இதற்கும் முந்திய சோதனை ஒன்று உண்டு. சந்தையில் கார்பன் என்று விற்பவற்றில் பிளாஸ்டிக்மேல் அச்சுப் படலம் ஏற்றியவையும் கலந்திருக்கும். அவற்றில் பேப்பர் போட்டால் கோலமே அழிந்துபோகும். பாகத்தைத் திருப்பி உட்புறமும் விளிம்பும் பார்த்து, நிஜ நெசவா என்று உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும்.

உரித்துப் பூசும்போது

இரும்பில் பழைய பூச்சை எடுக்க பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டுவது வழக்கம். கார்பனில் அது கூடவே கூடாது. பூச்சைக் கரைக்கும் அந்த வேதிப்பொருள் பிசினையும் இளக்கிவிடும். 320, 400 பேப்பரில் தொடங்கிப் பொறுமையாகக் கையால் இறக்கி, 600 அல்லது 800-ல் முடிப்பதே வழி.

அடுத்தது பட்டி. கதவில் பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, பிரைமர் போட்டு, நிறம் அடித்தால் யாருக்கும் தெரியாது. கார்பனில் பட்டி வைத்த இடம் சாகும்வரை சாம்பல் திட்டாகவே நிற்கும். ஊசித் துளைகளையும் சிறு பள்ளங்களையும் தெளிந்த எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் மட்டமாகத் தேய்க்கலாம். அந்த எபாக்ஸியை மேல்பூச்சாக அப்படியே விட்டால் மீண்டும் மஞ்சளாகும். அதன்மேல் கதிர்த் தடுப்புள்ள பாலியூரிதேன் கிளியர் அவசியம்.

சூட்டிலும் வேறுபாடு பெரிது. ஆலையில் 140 டிகிரியைத் தாண்டி வெந்து வந்த கதவுக்குப் பட்டறையில் பூச்சு அடித்து உலர்த்தும் அறையான பூத்தின் 60 டிகிரி ஒரு பொருட்டே அல்ல. கார்பன் பாகத்தின் பிசின் எந்தச் சூட்டில் இறுகியது என்பது வாங்கியவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அறைச் சூட்டில் இறுகிய மலிவுப் பிசின் அதே 60 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகக்கூடும். இளகினால் நெசவின் மேடுபள்ளம் புதுக் கிளியரில் பதிந்துவிடும், துளைக்குள் அடைபட்ட காற்று கொப்புளமாகக் கிளம்பும். அவசரமில்லாமல் அறைச் சூட்டில் காயவிடுவதே பாதுகாப்பு.

ஈரப்பதத்தையும் பார்க்க வேண்டும். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகி நுண்ணிய குமிழிகள் பூச்சுக்குள் சிக்கும். வெள்ளைக் கதவில் இது கண்ணுக்குப் படாது. கருத்த நெசவின்மேல் பனி படர்ந்ததுபோலத் தெரியும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பூத் இல்லாத ஷெட்டில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது நல்லது. ஐசோசயனேட் நுரையீரலையும் கெடுக்கும். இரும்பானாலும் கார்பனானாலும் துணி மாஸ்க் போதாது, வெளிக்காற்று தரும் முகமூடி வேண்டும்.

எது எளிது?

இரும்பில் பழுது எவ்வளவு பெரிதானாலும் மீட்கலாம். காரணம், மறைக்க நிற அடுக்கு இருக்கிறது. கார்பனில் பழுது கிளியரோடு நின்றால் மீட்பு இரும்பைவிட எளிது: நிறப் பொருத்தம் என்ற தலைவலியே கிடையாது. பிசின்வரை போனால் உழைப்பு பல மடங்கு. இழை உடைந்துவிட்டால் பழைய அழகு திரும்பாது. நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: கணீரென்ற ஒலி மாறி ஓரிடத்தில் மொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிட்டன. அந்தப் பாகத்துக்கு மேல்பூச்சுச் செலவு வீண்; மாற்ற வேண்டும்.

ஆகவே இரும்பில் கைதேர்ந்த பெயிண்டருக்குக் கார்பன் எட்டாத வேலை அல்ல. ரிமூவர், பட்டி, சூடு என்ற மூன்று பழக்கங்களைக் கதவோடு விட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். பானெட்டை ஒப்படைக்கும்முன் பழைய கிளியரை எப்படி எடுப்பீர்கள், எந்தச் சூட்டில் காயவைப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராத பட்டறையில் பானெட்டை விட்டுவர வேண்டாம்.