உயிரணு ஏன் குட்டியாகவே இருக்கிறது?

திருச்சுழி, வீரசோழன் பக்கம் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர்களுக்கு இந்த விஷயம் பாடம் படிக்காமலே தெரியும். ஒரு கட்டுச் சுள்ளி சட்டென்று பற்றிக்கொள்ளும். அதே எடையுள்ள தூர்க்கட்டை கிடந்து புகையும். மரம் ஒன்றுதான், காற்று படும் பரப்புதான் வேறு.

கலிலியோ 1638-ல் வெளியான தன் நூலிலேயே அளவு பற்றிய கணக்கைத் தொட்டுவிட்டார். 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் சின்னச் சின்ன அறைகளைக் கண்டு 'செல்' என்று பெயர் வைத்தார். 1839-ல் ஷ்வான், விலங்குகளும் செல்களால் ஆனவையே என்றார். சரி, அவை ஏன் பெருத்துப் போவதில்லை?

1 செ.மீ. கனசதுரத்துக்குப் பரப்பு 6, கொள்ளளவு 1. பக்கத்தை 10 செ.மீ. ஆக்கினால் பரப்பு 600, கொள்ளளவோ 1000! சரக்கு ஆயிரம் மடங்கு, வாசல் நூறு மடங்குதான். உணவும் ஆக்ஸிஜனும் அந்த வாசல் வழியாகத்தானே வரவேண்டும்? உள்ளே போனபிறகும் தொல்லை தீராது. நீரில் ஆக்ஸிஜன் தானாகப் பரவி 10 மைக்ரான் போக ஒரு வினாடியில் சிறு பங்கு போதும், 1 செ.மீ. போக ஏறத்தாழ அரை நாள். யானை பெரிதாக இருப்பது செல்களின் எண்ணிக்கையால்தான். (கோழி முட்டையின் மஞ்சள் கரு ஒரே செல்லாயிற்றே என்பீர்கள். அதில் பெரும்பகுதி சேமித்து வைத்த உணவு, மூச்சு விடும் சரக்கல்ல.)

இந்தக் கணக்கு மனித உயிர்களையும் காத்திருக்கிறது. 1896-ல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 57 பேர் இறந்தார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் போய் ஆராய்ந்தார். பெரும்பாலோரைக் கொன்றது வெடி அல்ல, கார்பன் மோனாக்சைடு. சுண்டெலி போன்ற சிறு பிராணிகளைக் கூடவே கொண்டுபோகச் சொன்னார். சின்ன உடலில் எடைக்கு மேல் பரப்பு, அதனால் வெப்பம் வேகமாக வெளியேறும். ஈடுகட்ட வேகமாக மூச்சுவிட வேண்டும். விஷவாயு முதலில் அதைத்தான் சாய்க்கும். ஆட்கள் வெளியே ஓட அந்தச் சில நிமிடங்கள் போதும். பாவம்தான் அந்தப் பிராணி! பிரிட்டிஷ் சுரங்கங்களில் கானரிக் குருவிகள் 1986 வரை இந்த வேலையைச் செய்தன.

சிறுவயதிலேயே அப்பாவுடன் சுரங்கத்துக்குள் இறங்கிய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1926-ல் உயிரினங்களின் சரியான அளவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குடல் சுருள்வதும் நுரையீரல் நுண்ணறைகளாகப் பிரிவதும் பரப்பைக் கூட்டத்தான் என்று அதில் எளிமையாக விளக்கியிருப்பார். அவர் 1957-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தார், 1961-ல் இந்தியக் குடிமகன் ஆனார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேஸ்வரத்தில் புற்றுநோயால் இறந்தார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்குப் போனது.