பெரிபெரியும் குடியால் வரும் மறதியும்

கொட்டாஞ்சேனைக் கடைத்தெருவிலும் வெள்ளவத்தைக் கடலோரத்திலும் நாள்தோறும் காதில் விழும் சிங்களச் சொற்களுள் 'பெரி' என்பதும் ஒன்று. 'இயலாது' என்பது அதன் பொருள். அச்சொல் இரட்டித்தே 'பெரிபெரி' என்னும் நோய்ப்பெயர் பிறந்தது என்பர் அகராதியாசிரியர் பலர். கால் மரத்து நடக்க இயலாது வீழ்ந்தவனின் முனகலே நோய்க்குப் பெயராயிற்றுப் போலும். அந்நோய்க்கும் குடிகாரரைப் பற்றும் மறதிக்கும் மூலம் ஒன்றே என்பது தெளிய நெடுங்காலம் சென்றது.

1881இல் ஜேர்மன் வைத்தியர் கார்ல் வேர்னிக்கே மூன்று நோயாளரைப் பற்றி எழுதினார். கண்ணசைவு கெட்டு, நடை தள்ளாடி, அறிவு மயங்கி மூவரும் மாண்டனர். இருவர் பெருங்குடியர். மூன்றாமவளோ கந்தக அமிலம் அருந்தியதால் இரைப்பையின் வாயில் சுருங்கி, உணவு செல்லாது வாடிய இளம்பெண். உண்மை அவளிடத்திலேயே வெளிப்பட்டிருந்தது, அதனைக் கண்டுகொள்வாரில்லை. 1887 முதல் மொஸ்கோவில் சேர்கே கோர்சாக்கொவ், சற்றுமுன் வந்து சென்றவரையும் மறந்து, அவ்விடைவெளியைக் கற்பனையால் நிரப்பும் நோயாளரை விவரித்தார். அவரும் உடலில் ஊறிய நஞ்சையே காரணமாகக் கொண்டார்.

விடை சோற்றுப் பானையில் இருந்தது. யாவாவில் டச்சு வைத்தியர் எய்க்மன், தீட்டிய அரிசியுண்ட கோழிகள் கால் சோர்ந்து விழுவதையும், தவிடு ஊட்ட எழுவதையும் கண்டார். மலாயாவிலோ புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரைப் பெரிபெரி பெரும்பாலும் அணுகவில்லை. 1905இல் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் வைத்தியர் பிளெச்சர் நோயாளரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குத் தீட்டிய பச்சையரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். முன்னவருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். பின்னவருள் ஒருவரும் மாளவில்லை. உமியோடு அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும் என்பதை நம் பாட்டிமார் அறிந்து செய்யவில்லை. பயனை மட்டும் உண்டனர். அச்சத்தே தயமின் என்னும் விற்றமின் பி1. 1936இல் அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கியவர் நெல்லூரிலே பிறந்த அமெரிக்கர் ரொபேர்ட் வில்லியம்ஸ்.

சாராயம் குடிப்போன் உணவைக் குறைக்கிறான். உண்டதிலுள்ள தயமினையும் குடல் ஏற்காதவாறு சாராயம் தடுக்கிறது. மூளை பட்டினி கிடக்கிறது. காலத்தே தயமினை ஊசிவழி ஏற்றினால் கண்ணசைவு சில மணி நேரத்திலேயே சீராகத் தொடங்கும். நினைவு அவ்வளவு விரைவில் மீளாது. 1971இல் அமெரிக்காவில் விக்டர் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், நினைவிழந்தோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முற்றும் தேறினர். நான்கில் ஒருவர் சிறிதும் தேறவில்லை.

எஞ்சியோர்க்கு என் செய்வது? 1994இல் இங்கிலாந்தில் அலன் பாடெலி, பார்பரா வில்சன் ஆகியோர் நினைவிழந்தோர்க்குப் பிழையின்றிக் கற்பிக்கும் முறையை ஆராய்ந்தனர். பிழைவிட்டுத் திருந்துவதே கல்வி என்பது வகுப்பறைக்குப் பொருந்தும். திருத்தியதையே மறந்துவிடுபவன் மனத்திலோ பிழை மட்டும் தங்கும். ஆதலால் அவனை ஊகிக்கவிடாது சரியான விடையை முதலிலேயே கூறி, துணையைச் சிறிது சிறிதாகக் குறைப்பர். குறிப்பேடும், சுவரில் எழுதிய நாளொழுங்கும், திறப்பு என்றும் தொங்கும் ஒரே ஆணியும் அவனுக்கு நினைவாகின்றன.

இத்துணை கேடுறாத குடிகாரர்க்கும், குடியை விட்ட முதல் வாரங்களில் கவனமும் திட்டமிடும் ஆற்றலும் மங்கியே இருக்கும். மாதங்கள் செல்லச் செல்லத் தெளியும். அந்நாளில் சொன்ன புத்திமதியை அவன் மறுநாள் மறந்தால், வீட்டார் அதனைப் பொய்யென்றும் பிடிவாதமென்றும் கொள்வர். கேட்டபோது அவனுக்கு அது விளங்கியே இருந்தது, தங்கவில்லை. அதனை எழுதிக் கொடுத்து, மறுநாளும் அதன் மறுநாளும் சொல்லவேண்டியிருக்கிறது.