எந்த இயந்திரத்துக்கு எந்தக் கெர்னல்: ஐபிஎம் 370 முதல் சக்தி வரை

இயங்குதளத்தின் உட்பகுதியாக நின்று நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரல் எப்போது இயங்க வேண்டும் என்று முறைவைப்பது, வட்டு, திரை, விசைப்பலகை, வலையமைப்பு முதலிய சாதனங்களோடு உறவாடுவது ஆகிய வேலைகளைச் செய்யும் நிரல்தொகுதி கெர்னல் எனப்படுகிறது. அதன் மூலநிரல் ஒன்றே ஆயினும், கைக்கடக்கமான கருவிக்கும் வங்கியின் சர்வருக்கும் ஒரே கெர்னலைக் கட்டிக் கொடுக்க இயலாது. எந்த நுண்செயலிக்காகக் கட்டுவது, எந்தச் சாதனங்களுக்கான இயக்கிகளைச் சேர்ப்பது, எவற்றை விலக்குவது என்ற முடிவுகள் கட்டுவதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். அம்முடிவுகளை வரிவரியாகப் பதிந்து வைக்கும் பட்டியல்தான் அமைவுக் கோப்பு. பொறியாளர்கள் வேலை முடிந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள், வரலாறு எழுதுவோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஆனால் ஒரு நாட்டில் ஒரு காலத்தில் எந்த இயந்திரங்கள் புழங்கின, அவற்றின் உள்ளமைப்பைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை இந்தப் பட்டியல்கள் அளவுக்கு வெளிப்படையாகச் சொல்லும் ஆவணங்கள் அரிது. தமிழகத்தில் அவ்வுரிமை கைமாறி வந்த கதைக்கு அரை நூற்றாண்டு வயது.

1973இல் சென்னை ஐஐடியின் கணினி மையத்துக்கு ஐபிஎம் 370/155 இயந்திரம் வந்து சேர்ந்தது. அக்காலத்துப் பெரிய ஐபிஎம் இயந்திரங்களில் இயங்குதளத்தை நிறுவும் பணிக்கு ‘சிஸ்டம் ஜெனரேஷன்’ என்று பெயர், சுருக்கமாக ‘சிஸ்ஜென்’. இயந்திரத்தின் மாதிரி எண், நினைவகத்தின் அளவு, இணைத்துள்ள வட்டுகள், நாடா இயக்கிகள், அட்டை படிப்பான்கள், அச்சு இயந்திரங்கள் ஆகியவற்றை ஐபிஎம் வகுத்துத் தந்த கட்டளைச் சொற்களில் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும். முதற்கட்டத்தில் அவ்விவரங்களைப் படிக்கும் நிரல், இரண்டாம் கட்டத்தில் ஓட வேண்டிய வேலைகளின் பட்டியலைத் தயாரித்துத் தரும். அவ்வேலைகள் மணிக்கணக்கில் ஓடி முடிந்த பிறகே அந்த ஒரு இயந்திரத்துக்குரிய இயங்குதளம் உருவாகும். பின்னாளில் புதிதாக ஒரு சாதனம் இணைக்கப்பட்டால் அப்பணியின் ஒரு பகுதியையேனும் மீண்டும் செய்தாக வேண்டும். இன்று கெர்னலை அமைக்கும் முறையின் அடிப்படைக் கருத்து முழுவதும் அப்போதே இருந்தது. ஆனால் தெரிந்தெடுப்பதற்கான பட்டியலை வகுத்தவர் விற்பனையாளர்; வாங்கியவரின் உரிமை அப்பட்டியலுக்குள் அடையாளமிடுவதோடு நின்றது. அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின் நிபந்தனைகளை ஏற்காமல் 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அந்த வரம்பு எவ்வளவு குறுகியது என்பது இங்குள்ள கணினி மையங்களுக்குப் புலப்பட்டது.

அதே தமிழகத்தில், அந்த இயந்திரம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் கல்வராயன் மலையின் ஜாகீர் ஆட்சி முடிவுக்கு வந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இம்மலையில், கரியாலூர், வெள்ளிமலை முதலிய ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், மூன்று ஜாகீர்தாரர்களின் அதிகாரத்தின்கீழ் வரி செலுத்தி வந்தனர். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆன பின்னரே அரசின் நேரடி நிர்வாகம் மலைமேல் ஏறியது. சாலையும் பள்ளியும் மின்சாரமும் தாமதமாக வந்ததற்கு இத்தாமதமே முதற்காரணம். கணினியின் வரலாற்றை நகரத்து ஆய்வுக்கூடங்களின் வரலாறாக மட்டுமே எழுதும் வழக்கம் இத்தகைய ஊர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்தால்தான், ஒரு கெர்னலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற முடிவு யாரைப் போய்த் தொடுகிறது என்பது விளங்கும்.

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் இந்திய வங்கிகளும் அலுவலகங்களும் கணினிமயமானபோது யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் பரவின. அவற்றுள் பலராலும் பயன்படுத்தப்பட்ட எஸ்சிஓ யூனிக்ஸில் மூலநிரல் தரப்படவில்லை; முன்னரே தொகுக்கப்பட்ட துண்டுகள் மட்டும் தரப்பட்டன. ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் திறக்கலாம், எத்தனை பணிகள் ஓடலாம் என்பன போன்ற எண்களை மாற்றி, அத்துண்டுகளை மறுபடி இணைத்துப் புதிய கெர்னலைப் பெறலாம். ‘கெர்னல் ரீலிங்க்’ என்று சொல்லி அன்றைய பராமரிப்புப் பொறியாளர்கள் செய்துவந்த வேலை இதுதான். எண்ணை மாற்றலாம், எழுத்தை மாற்ற முடியாது என்பதே அதன் எல்லை.

அந்த எல்லையை உடைத்தது லினக்ஸ். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியபோது அது இன்டெல் 386 நுண்செயலிக்கு மட்டுமே உரியதாக இருந்தது, வேறு இயந்திரத்துக்கு மாற்றும் எண்ணமும் இருக்கவில்லை. 1995 மார்ச்சில் வெளியான 1.2 பதிப்பில் ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் ஆகிய கட்டமைப்புகள் இடம்பெற்றன. கட்டமைப்பு என்பது இங்கே ஒரு நுண்செயலிக் குடும்பத்தின் ஆணைத்தொகுதியையும், நினைவகத்தை அது கையாளும் முறையையும், குறுக்கீடுகளை அது ஏற்கும் முறையையும் சேர்த்துக் குறிப்பது. எல்லா இயந்திரங்களுக்கும் பொதுவான நிரல் ஒருபுறமும் கட்டமைப்புக்கே உரிய நிரல் ‘ஆர்ச்’ என்ற தனி அடைவில் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டது. அந்த அடைவுக்குள் ஒரு பெயர் சேர்வது, உலகின் கணினிக் குடும்பங்களில் ஒன்றாக அங்கீகரிக்கப்படுவதற்கு ஒப்பாகிவிட்டது.

தெரிவுகள் பெருகியபோது அவற்றை ஆளும் முறையும் மாற வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் ஒவ்வொரு தெரிவுக்கும் வரிசையாகக் கேள்வி கேட்கும் எளிய நிரல் ஒன்று இருந்தது. பின்னர்ப் பட்டிகளைக் காட்டும் நிரலும், சுட்டியால் இயக்கும் நிரலும் வந்தன. ஒரே விதிகளை மூன்று நிரல்களும் தனித்தனியாகப் படித்துப் பொருள்கொண்டதால் முரண்பாடுகள் எழுந்தன. எரிக் ரேமண்ட் பைத்தான் மொழியில் எழுதிய மாற்றுத் திட்டம், அளவுக்கு மீறிய மாற்றம் என்று பலரால் எதிர்க்கப்பட்டுக் கைவிடப்பட்டது. 2002 அக்டோபரின் இறுதியில், 2.5.45 பதிப்பில், ரோமன் ஜிப்பெல் எழுதிய ‘கேகான்ஃபிக்’ மொழி ஏற்கப்பட்டது. இன்றுவரை ஆள்வது அதுவே. அம்மொழியில் ஒவ்வொரு தெரிவும் தனக்கு முன்நிபந்தனையான தெரிவுகளைச் சொல்லும், தன்னோடு கட்டாயம் வரவேண்டியவற்றையும் இழுத்துவரும். பெரும்பாலான இயக்கிகளுக்கு மூன்று விடைகள் உண்டு: கெர்னலோடு ஒன்றாகக் கட்டுவது, தனிக் கூறாக வட்டில் வைத்துத் தேவைப்படும்போது ஏற்றுவது, அறவே விடுவது. வேர்க் கோப்பு முறைமை இருக்கும் வட்டின் இயக்கியைத் தனிக் கூறாக வைத்து, அக்கூறை ஏற்ற உதவும் தொடக்க வட்டுப்படிமத்தையும் மறந்துவிட்டால் இயந்திரம் எழும்பவே எழும்பாது. வட்டைப் படிக்கும் அறிவு அந்த வட்டுக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தெரிவுகளை ஒருவர் தனித்தனியே படித்து முடிவெடுக்க இயலாது என்பதால், ஒவ்வொரு கட்டமைப்புக்கும் ‘டெஃப்கான்ஃபிக்’ என்ற இயல்நிலைப் பட்டியல் ஒன்று மூலநிரலோடு வருகிறது. அப்பட்டியலை எழுதுவோரின் பொறுப்பு பெரிது. பிறர் கேள்வி கேட்காமல் ஏற்பது அதையே.

தமிழகத்தில் இப்பொறுப்பு நிறுவன வடிவம் பெற்றது 2005இல். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையமும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அங்கிருந்து 2007 ஜனவரியில் பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. டெபியன் என்ற சர்வதேச வழங்கலை அடியாகக் கொண்டு இந்திய மொழிகளுக்கு ஏற்பச் சமைக்கப்பட்டது அது. 2011 செப்டம்பர் 15 அன்று மாநில அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்ட கணினிகளை மாநில அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு அவை வழங்கப்பட்டன. அந்நாளில் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கல்வராயன் மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இவ்வரையறைக்குள் அடங்கும். ஜாகீர் ஒழிந்து முப்பத்தைந்து ஆண்டுகளில், அதாவது ஒன்றரைத் தலைமுறையில், கரியாலூர்ப் பக்கத்து மாணவர் ஒருவரின் கைக்கு, மூலநிரல் முழுவதும் திறந்திருக்கும் இயங்குதளம் வந்து சேர வழி பிறந்தது. இதன் சமூகப் பொருள் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

இத்தகைய மாபெரும் விநியோகத்தில் கெர்னல் தெரிவுகள் தொழில்நுட்பத்தோடு நிற்பதில்லை. நகரத்தில் ஒரு வைஃபை இயக்கி விடுபட்டால் வேறொரு இணைப்பின் வழியே அதைத் தரவிறக்கிக்கொள்ளலாம்; கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலைப்பாதையில் ஏறிய பிறகு, வட்டில் இல்லாத இயக்கி இல்லாத இயக்கியேதான். ஆகவே பொது வழங்கல்கள் கெர்னலைச் சிறுத்துக் கட்டாமல், கிடைக்கும் இயக்கிகள் அனைத்தையும் தனிக் கூறுகளாக வைத்திருப்பதை வீண் சுமை என்று சொல்வது பொருந்தாது. 32 பிட் இயந்திரங்களிலும் இதேபோன்ற முடிவொன்று உண்டு. நான்கு ஜிபிக்கு மேற்பட்ட நினைவகத்தை எட்ட உதவும் ‘பிஏஇ’ என்ற வசதியை இயக்கிக் கட்டிய கெர்னல், அவ்வசதி இல்லாத பழைய நுண்செயலிகளில் தொடங்காது. 2013இல் வெளியான டெபியன் 7, இதனால்தான் 32 பிட் இயந்திரங்களுக்கே இரு வகைக் கெர்னல்களைக் கட்டி வழங்கியது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவடைந்ததை ஒட்டி, தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாற அறிவுறுத்தியது. பழைய கணினிகளை ஓடவைக்க லினக்ஸே வழி என்ற நம்பிக்கை அப்போது பரவியது. அந்நம்பிக்கை நியாயமானது, ஆனால் முழுமையானதன்று. லினக்ஸ் எந்த நுண்செயலியில் பிறந்ததோ அந்த 386க்கான தெரிவே 2013 பிப்ரவரியில் வெளியான 3.8 பதிப்போடு நீக்கப்பட்டது. டெபியனும் 2017இல் 686க்கு முந்தைய நுண்செயலிகளைக் கைவிட்டது, 2025இல் 32 பிட் பிசிகளுக்கான கெர்னலைத் தருவதையே நிறுத்திவிட்டது. ஒவ்வொரு பழைய தெரிவையும் பராமரிக்க ஆள் வேண்டும், சோதிக்க இயந்திரம் வேண்டும். அவை இல்லாத இடத்தில் தெரிவு மெல்லப் பழுதாகிறது, பின்பு நீக்கப்படுகிறது.

2014 வரை தமிழகப் பொறியாளர்கள் செய்ததெல்லாம் அயல்நாட்டு நுண்செயலிகளுக்கான தெரிவுகளைத் தேர்ந்ததுதான். பெயர் சொல்லத்தக்க திருப்பம் அவ்வாண்டில் சென்னை ஐஐடியின் ரைஸ் ஆய்வுக்குழு தொடங்கிய சக்தி என்ற நுண்செயலித் திட்டம். பேராசிரியர் வி. காமகோடியும் ஜி. எஸ். மதுசூதனும் நீல் காலாவும் முன்னின்ற அத்திட்டம், 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுதியை எடுத்துக்கொண்டது. உரிமக் கட்டணமின்றி எவரும் அந்த ஆணைத்தொகுதிக்கு நுண்செயலி வடிவமைக்கலாம். சக்தியின் வடிவமைப்பும் புளூஸ்பெக் மொழியில் எழுதப்பட்டு, கட்டற்ற உரிமத்தின்கீழ் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டது.

ரிஸ்க்-ஃபைவுக்கான ஆதரவு 2018 ஜனவரி 28 அன்று வெளியான 4.15 பதிப்பில் லினக்ஸின் தாய்க்கிளையில் சேர்ந்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைகள் இன்டெல் உலகை உலுக்கிய அதே மாதம் அது. அவற்றைத் தடுக்கும் தெரிவுகளும் அதே பதிப்பில்தான் இடம்பெற்றன. அவ்வாண்டு ஜூலையில், இன்டெலின் ஆரிகன் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்ட ரைஸ்கிரீக் என்ற சக்தி சில்லுகள் முந்நூறு வந்து சேர்ந்தன. அவற்றில் லினக்ஸ் எழும்பியது. சில மாதங்களுக்குள் சண்டிகரை அடுத்த மொஹாலியிலுள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் ரிமோ உருவானது.

சக்தியில் லினக்ஸை எழுப்பும் பணியை உற்றுநோக்கினால் தெரிவுகளின் பொருள் தெளிவாகும். சக்தி வரிசையில் இ-வகை சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கானது. சி-வகை 64 பிட் அகலமும் நினைவக மேலாண்மை அலகும் கொண்டது. ஒவ்வொரு நிரலுக்கும் தனக்கென முழு நினைவகமும் இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தந்து, ஒன்று மற்றொன்றின் இடத்தில் கைவைக்காமல் காக்கும் இவ்வலகு இருப்பதால்தான் சி-வகை வழக்கமான லினக்ஸைத் தாங்குகிறது. பெருக்கல், அணுநிலைச் செயல், மிதவைப்புள்ளி, சுருக்கிய ஆணைகள் ஆகியவை ரிஸ்க்-ஃபைவில் தனித்தனி எழுத்துகளால் குறிக்கப்படும் விரிவாக்கங்கள். நுண்செயலியில் இல்லாத விரிவாக்கத்தைக் கெர்னலில் இயக்கிவிட்டால், முதற் சில ஆணைகளிலேயே எல்லாம் நின்றுபோகக்கூடும். கெர்னலுக்குக் கீழே மிகுந்த அதிகாரம் பெற்ற நிலையில் சிறு நிரலொன்று இருந்து, கடிகாரத்தை அமைப்பது போன்ற சேவைகளை அதற்குச் செய்து கொடுக்கிறது. பிசிகளில் இருப்பதுபோல வன்பொருளைத் தானே விவரிக்கும் பயாஸ் இங்கே இல்லாததால், எந்த முகவரியில் நினைவகம் தொடங்குகிறது, எங்கே தொடர்முனை இருக்கிறது, கடிகாரத்தின் வேகம் என்ன என்பவற்றைச் ‘சாதன மரம்’ என்ற தனிக் கோப்பில் எழுதித் தர வேண்டும். இத்தனையும் வேறொரு கணினியில், பெரும்பாலும் இன்டெல் வகைக் கணினியில், குறுக்குத் தொகுப்பு முறையில் கட்டப்பட்டுப் பலகைக்கு ஏற்றப்படுகிறது.

ஐபிஎம் காலத்துச் சிஸ்ஜெனோடு இதை ஒப்பிட்டால் செய்முறை பெரிதும் மாறவில்லை என்பது தெரியும். மாறியது வேறு: தெரிவில் பொருந்தாமை கண்டால் சென்னைக் குழுவால் கெர்னலைத் திருத்தவும் முடியும், நுண்செயலியையே திருத்தவும் முடியும். சில்லு தேவைப்படாத வகையில், ஆர்ட்டி ஏ7 100டி என்ற மாற்றியமைக்கத்தக்க பலகையில் ஏற்றும்படி வஜ்ரா என்ற பெயரில் சி-வகை வெளியிடப்பட்டதால், இவ்வசதி ஐஐடிக்கு வெளியேயும் சென்றது. 2020 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த சுதேசி மைக்ரோபிராசசர் போட்டி, சக்தியையும் திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகாவையும் கல்லூரி மாணவர்களின் கைக்குக் கொண்டுசென்றது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவும் ஐஐடியும் அறிவித்த ஐரிஸ், சக்தியை அடியாகக் கொண்டு விண்கலப் பயன்பாட்டுக்கென உருவானது.

இருப்பினும் பணி முடிந்துவிடவில்லை. கட்டமைப்புக்கான பொதுத் தெரிவுகளை உலகெங்குமுள்ள பராமரிப்பாளர்கள் புதுப்பித்து வருகிறார்கள். ஒரு குறிப்பிட்ட சில்லின் தொடர்முனைக்கோ வலையமைப்புச் சாதனத்துக்கோ உரிய இயக்கியை அச்சில்லைச் செய்தவரே எழுதி, பிறர் ஆய்வுக்கு வைத்து, தாய்க்கிளையில் சேர்ப்பிக்க வேண்டும். அவ்வாறு சேராத இயக்கியை ஒவ்வொரு புதிய பதிப்பின்போதும் யாரேனும் கையால் பொருத்தி, மறுபடி தொகுத்து, பலகையில் ஏற்றிச் சோதிக்க வேண்டியிருக்கும். அவ்வேலைக்கு ஆளில்லாமல் போகும் ஆண்டில் அச்சில்லு பழைய கெர்னலோடு தேங்கி, பாதுகாப்புத் திருத்தங்களையும் இழந்துவிடும்.