விலை கூடினால் ஆயுளும் கூடுமா? வீட்டுக் கணினிப் பழுதுகளின் கதை

கணினி வாங்கப் போகும் எந்த வீட்டிலும் ஒரு விவாதம் நடக்கும். "கொஞ்சம் காசு அதிகமானாலும் பரவாயில்லை, நல்ல கம்பெனிப் பொருளாக வாங்கிவிடலாம், ரிப்பேர் வராது" என்பது ஒரு கட்சி. "அதே பாகங்களைப் போட்டுக் குறைந்த விலையில் அசெம்பிள் செய்து தருகிறார்களே, எதற்கு வீண் செலவு?" என்பது எதிர்க்கட்சி. 1990-களின் இறுதியில் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் தொடங்கிய இந்த விவாதம், மேசைக் கணினி போய் மடிக்கணினி வந்த பிறகும் ஓயவில்லை.

விவாதத்தில் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு ஒரு கணினி என்பது பல மாதச் சம்பளம். பிள்ளையின் படிப்புக்காகக் கடன் வாங்கி வாங்கிய பெட்டி ஒருநாள் காலையில் சுவிட்சைப் போட்டதும் உயிர் வராமல் கிடந்தால், அந்த வீட்டின் நிலை என்ன? விலை கொடுத்தால் அந்த நாள் வராது என்பது உண்மையா? இதற்குக் கணினியின் வரலாறே பதில் சொல்கிறது.

திறந்த பெட்டி

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. ஆரம்ப விலை 1,565 டாலர். சீக்கிரம் சந்தைக்கு வர வேண்டும் என்பதால், எல்லாப் பாகங்களையும் தானே தயாரிக்கும் பழைய வழக்கத்தை ஐ.பி.எம். கைவிட்டது. பிராசசர் இன்டெல்லிடமிருந்து வந்தது. ஃப்ளாப்பி டிரைவ், இந்தியாவில் பிறந்த ஜுகி டாண்டனின் நிறுவனத்திலிருந்து வந்தது. அதைவிட முக்கியமாக, மின்சுற்று வரைபடங்களையும் பயாஸ் நிரலையும் ஒரு கையேடாகவே அச்சிட்டு விற்றது.

விளைவு, யார் வேண்டுமானாலும் இந்தப் பெட்டிக்குப் பொருந்தும் பாகங்களைச் செய்யலாம் என்ற நிலை வந்தது. 1982-ல் காம்பாக் நிறுவனம் ஐ.பி.எம். கணினிக்கு இணையான ஒன்றை அறிவித்தது. பிறகு தைவானில் மதர்போர்டுகள் பெருகின. 1995-ல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அளவுமுறை, மதர்போர்டு, கேபினெட், பவர் சப்ளை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துவதை எளிதாக்கியது.

ஆக, விலை உயர்ந்த பிராண்டட் கணினிக்குள்ளும் மலிவான அசெம்பிள்டு கணினிக்குள்ளும் இருந்தவை பெரும்பாலும் ஒரே வகைப் பாகங்கள்தான். ஸ்டிக்கர் மட்டும் வேறு!

ரிச்சி தெரு

இந்தத் திறந்த பெட்டி தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த முக்கிய வாசல், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. வானொலி, டேப் ரெக்கார்டர் உதிரி பாகங்களுக்குப் பெயர் பெற்றிருந்த இந்தப் பகுதி, பிறகு நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பரவி, டெல்லியின் நேரு பிளேசுக்கு அடுத்த பெரிய மின்னணுச் சந்தையாகச் சொல்லப்படும் அளவுக்கு வளர்ந்தது.

இதற்கு அரசின் கொள்கைகளும் வழிவிட்டன. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்து, கணினிப் பாகங்களின் சுங்க வரியைப் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டது. விலை இறங்கியது. திருச்செந்தூருக்கு அருகே பிறந்த சிவ் நாடார் நண்பர்களுடன் 1976-ல் தொடங்கிய எச்.சி.எல்., 2005-ல் 9,990 ரூபாய்க்கே ஒரு கணினியைச் சந்தைக்குக் கொண்டு வந்தது.

ஆனால் ரிச்சி தெரு விற்றது பாகங்களை மட்டுமல்ல. பழுது பார்க்கும் அறிவும் அங்கிருந்துதான் மாவட்டங்களுக்குப் போனது. சென்னையில் பாகம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியவர்கள், ஊரில் ஒரு சின்னக் கடை போட்டு "கம்ப்யூட்டர் சேல்ஸ் அண்ட் சர்வீஸ்" என்று போர்டு மாட்டினார்கள்.

விலை உயர்ந்தவை விழுந்த கதை

விலைதான் உத்தரவாதம் என்று நம்பியவர்களுக்கு முதல் அடி 1984-லேயே விழுந்தது. அந்த ஆண்டு ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. மாடல், அக்காலத்தின் மிக விலை உயர்ந்த பர்சனல் கம்ப்யூட்டர்களில் ஒன்று. அதில் சி.எம்.ஐ. என்ற நிறுவனம் தயாரித்த 20 எம்.பி. ஹார்ட் டிஸ்க் இருந்தது. அது அடிக்கடி பழுதாகி, பயன்படுத்தியவர்களின் கோப்புகளையும் கொண்டுபோனது. ஐ.பி.எம். அந்த டிஸ்க்கைக் கைவிட, சிறிது காலத்தில் சி.எம்.ஐ. அந்தத் தொழிலையே விட்டு விலகியது.

பிறகு ஐ.பி.எம். தானே தயாரித்த ஹார்ட் டிஸ்க்கின் முறை. 2000-ல் வந்த டெஸ்க்ஸ்டார் 75ஜி.எக்ஸ்.பி., வேகத்துக்குப் பெயர் வாங்கியது. ஆனால் பழுதுகள் குவியவே, பயனாளர்கள் அதற்கு "டெத்ஸ்டார்" என்று பெயர் சூட்டினார்கள். 2001-ல் அமெரிக்காவில் வழக்கும் தொடரப்பட்டது. 2002-ல் ஐ.பி.எம். தன் ஹார்ட் டிஸ்க் தொழிலை ஹிட்டாச்சிக்கு விற்க ஒப்பந்தம் செய்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பாடம், கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கியின் கதை. மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் சின்னச் சின்ன அலுமினிய உருளைகள்தாம் இவை. பிராசசருக்குப் போகும் மின்சாரத்தை ஏற்ற இறக்கமில்லாமல் சீராக்குவது இவற்றின் வேலை. ஒன்றின் விலை சில ரூபாய்தான். 2000-களின் தொடக்கத்தில் தைவானில் தயாரான பல கெப்பாசிட்டர்களில், உள்ளே இருந்த திரவத்தின் கலவை சரியில்லை. சூட்டில் அது வாயுவை உண்டாக்க, உருளையின் தலை உப்பி, வெடித்து, பழுப்பு நிறக் கசடு வழிந்தது. கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும், நடுவில் உறைந்து நிற்கும், கடைசியில் எழவே எழாது.

மலிவான போர்டுகளோடு இது நின்றிருந்தால் "அப்போதே சொன்னோமே" என்று முதல் கட்சிக்காரர்கள் மகிழ்ந்திருக்கலாம். நிற்கவில்லை. 2004-ல் 1,299 டாலரில் விலை தொடங்கிய ஆப்பிளின் ஐமேக் ஜி5-க்கு, படமும் மின்சாரமும் தொடர்பான கோளாறுகளுக்காகவே 2005-ல் தனி இலவசப் பழுது நீக்கும் திட்டம் அறிவிக்க வேண்டி வந்தது.

டெல்லின் கதை இன்னும் பெரிது. அலுவலகங்களுக்கென்றே விற்கப்பட்ட ஆப்டிபிளெக்ஸ் கணினிகளில் இருந்தவை பெயர் தெரியாத கெப்பாசிட்டர்கள் அல்ல, ஜப்பானின் புகழ்பெற்ற நிச்சிகான் நிறுவனத்தின் கெப்பாசிட்டர்கள். அவையும் பழுதாயின. 2005-ல் இதற்காக டெல் 30 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுதியது. 2010-ல் ஒரு வழக்கில் வெளியான ஆவணங்களின்படி, 2003 மே முதல் 2005 ஜூலை வரை, பாதிக்கப்படக்கூடிய கணினிகளாக அனுப்பப்பட்டவை குறைந்தது 1 கோடியே 18 லட்சம். டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் கணினிகள் பழுதானபோது, கடினமான கணக்குகளைப் போட்டு அவற்றை வாட்டியதுதான் காரணம் என்று டெல் தரப்பில் சொல்லப்பட்டதாம்! டெல்லுக்காக வாதாடிய வழக்கறிஞர் நிறுவனத்தின் கணினிகளும் இதே பழுதுக்குத் தப்பவில்லை என்பதுதான் வேடிக்கை.

எண்கள் சொல்வது

சில கதைகளை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாதுதான். 2007 பிப்ரவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் ஹார்ட் டிஸ்க்குகளின் பழுதுக் கணக்கை ஆராய்ந்து வெளியிட்டார்கள். தயாரிப்பாளர்களின் விவரத் தாளில் சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரம், 15 லட்சம் மணி நேரம் என்று அச்சிடப்பட்டிருந்தது. அதன்படி ஆண்டுக்கு 0.88 சதவீதத்துக்கு மேல் பழுதாகக் கூடாது. நிஜத்தில் 2 முதல் 4 சதவீதம் மாற்றப்படுவது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் அது 13 சதவீதம் வரை போனது.

இன்னொரு முடிவுதான் விவாதத்துக்கு நேரடியான பதில். சர்வர்களுக்கான விலை உயர்ந்த ஸ்கஸி, ஃபைபர் சேனல் டிஸ்க்குகளுக்கும், மலிவான சாட்டா டிஸ்க்குகளுக்கும் இடையே மாற்ற வேண்டி வந்த விகிதத்தில் பெரிய வித்தியாசம் எதுவும் அவர்களுக்குத் தென்படவில்லை. அதிக விலை வேகத்தை வாங்கித் தந்தது. ஆயுளை வாங்கித் தந்ததாகத் தெரியவில்லை.

நம்மூர் மின்சாரம்

அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் இல்லாத ஒரு எதிரியும் நம்மூர்க் கணினிக்கு உண்டு. மின்சாரம்! 2008 முதல் தமிழ்நாடு கடும் மின்பற்றாக்குறையைச் சந்தித்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. போன மின்சாரம் திரும்பி வரும் நொடியில் வோல்டேஜ் எகிறும்போது முதலில் அடி வாங்குவது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளை. மழைக்காலத்தில் இடி மின்னல், டெலிபோன் ஒயர் வழியாக வந்து மோடத்தை எரித்துவிட்டுப் போகும். எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் மாட்டிய கணினிக்கு, அது எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஆபத்து ஒன்றுதான். கேபினெட்டின் மேல் ஒட்டிய பெயரை மின்னல் படித்துப் பார்ப்பதில்லை.

பழுது கண்டுபிடிக்கும் கலை

அப்படியானால் நம் வீட்டுக் கணினிகள் இத்தனை ஆண்டுகள் ஓடியது எப்படி? பழுது வந்தாலும் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடிந்ததால்தான்.

மெக்கானிக்குகளின் முறை எளிமையானது. முதலில் பிளக், ஒயர், யு.பி.எஸ். பிறகு எஸ்.எம்.பி.எஸ்.: அதைத் தனியே கழற்றி, பெரிய கனெக்டரின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்தால் உள்ளே ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி அதுதான். சுற்றினாலும் முழுதாக நம்பாமல் வோல்டேஜை மீட்டரில் பார்ப்பார்கள். அடுத்து பீப் ஒலி. விடாமல் பீப் அடித்தால் ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டுவார்கள். தேதி தானாகப் பின்னால் போனால், போர்டில் உள்ள காசு அளவு பேட்டரியை மாற்றினால் போதும். அதற்கும் மசியாவிட்டால், ஓடுகிற இன்னொரு கணினியின் பாகத்தை மாட்டிப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

உப்பிய கெப்பாசிட்டரையும் இப்படித்தான் வென்றார்கள். பல ஆயிரம் ரூபாய் போர்டைத் தூக்கி எறியாமல், சில ரூபாய் உருளையை சால்டரிங் அயர்ன் வைத்து மாற்றினார்கள். தினமலரின் கம்ப்யூட்டர் மலர் போன்ற இணைப்பிதழ்கள் இந்த அறிவில் கொஞ்சத்தை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்தன.

பிராண்டட் கணினி இந்த இடத்தில்தான் சில சமயம் காலை வாரியது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் டெல்லின் பல மாடல்களில் பவர் கனெக்டர் பார்வைக்கு ஏ.டி.எக்ஸ். போலவே இருக்கும், ஆனால் ஒயர்களின் வரிசை வேறு. தெரியாமல் கடைச் சரக்கை மாட்டினால் மதர்போர்டே போய்விடும். இப்போதோ பல மெல்லிய மடிக்கணினிகளில் ராம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டு வருகிறது. மாட்டிப் பார்க்கும் வழியே அடைபட்டுவிட்டது. பழுது நீக்கும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையவாசலைத் தொடங்கியதன் பின்னணி இதுதான்.

விலை எங்கே உதவும்?

விலைக்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னையைச் சேர்ந்த டி.வி.எஸ். எலக்ட்ரானிக்சின் கோல்டு கீபோர்டு, சாதாரணக் கீபோர்டைப் போலப் பல மடங்கு விலை. ஆனால் அந்தப் பணம் ஒவ்வொரு விசைக்கும் அடியில் உள்ள தனித்தனி மெக்கானிக்கல் சுவிட்சுக்குப் போகிறது. தேய்கிற இடத்திலேயே செலவு செய்திருப்பதால் அது உழைக்கிறது. கெப்பாசிட்டர் கொள்ளைநோய்க்குப் பிறகு மதர்போர்டுகளில் திரவம் இல்லாத திட வகைக் கெப்பாசிட்டர்கள் பரவியதும் இதே வகை. பணம் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பிராண்டட் கணினியின் கூடுதல் விலை வாங்கித் தருவது பெரும்பாலும், பழுதானால் வந்து பார்ப்போம் என்ற வாக்குறுதியைத்தான். அதன் மதிப்பு ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் இருப்பவருக்கு சர்வீஸ் சென்டர் ஒரு பஸ் தூரம். திருவண்ணாமலை மலைக்கு மேற்கே, கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை போன்ற ஊரில் இருப்பவருக்கோ கடைத்தெருவே மலையைச் சுற்றி அந்தப் பக்கம். அங்கே ஒரு மாணவரின் கணினி தேர்வு நேரத்தில் நின்றுபோனால், தொலைவில் இருக்கும் கம்பெனியைவிட, பாகத்தோடு அன்றே வந்து பார்க்கும் உள்ளூர் மெக்கானிக்தான் பெரிய உத்தரவாதம்.

எனவே வாங்கும் முன் விலைச்சீட்டோடு சேர்த்து மூன்றைக் கேட்பது நல்லது. பழுதானால் யார் பார்ப்பார்கள்? பாகம் எங்கே கிடைக்கும்? வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா? மிச்சமாகும் பணத்தில் ஒரு யு.பி.எஸ்.ஸும், கோப்புகளைப் பிரதி எடுத்துவைக்க இன்னொரு டிஸ்க்கும் வாங்கலாம். ஏனென்றால் எந்த விலை டிஸ்க்கும் ஒருநாள் நிற்கும். கெட்டுப்போன பாகத்தைக் கடையில் வாங்கிவிடலாம், அதிலிருந்த பாடக்குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் எந்தக் கடையிலும் வாங்க முடியாது.