கதிரையும் உதுவும்: அச்சுவேலியில் மொழிகள் சந்தித்த வரலாறு

யாழ்ப்பாண இராச்சியம் 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த பின்னர், வலிகாமத்தின் கிழக்குப் பக்கத்துத் தோட்டக் கிராமமான அச்சுவேலிக்கு ஐரோப்பிய மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1658இல் போர்த்துக்கேயரை ஒல்லாந்தர் வென்றனர். அவர்களுடைய போதகரான பிலிப்பு பால்டேயஸ் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலில், யாழ்ப்பாணத்துக் கோயிற்பற்றுகளுள் ஒன்றாக அச்சுவேலியும் இடம்பெறுகிறது. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். இருநூறு ஆண்டுகளுக்குள் ஊராரின் காதில் மூன்று அந்நிய மொழிகள் விழுந்துவிட்டன.

அவை தமிழை என்ன செய்தன என்பதற்கு வீட்டுச் சாமான்களே சான்று. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை, துவாய், சப்பாத்து, பாண் எல்லாம் போர்த்துக்கேயம் தந்தவை. கந்தோர், லாச்சி, நொத்தாரிசு, போஞ்சி ஆகியவை ஒல்லாந்தர் வழி வந்தன. கதிரைக்கு ஒல்லாந்தரிடமும் சொல் உண்டு, ஆங்கிலேயரிடமும் உண்டு. ஆயினும் நானூறு ஆண்டுகளாகியும் யாழ்ப்பாணத்தார் கதிரையில்தான் இருக்கிறார்கள். முதலில் வந்து இடம்பிடித்த இரவற்சொல்லைப் பின்னால் வந்த மொழிகளால் எழுப்ப முடியவில்லை. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. கந்தோர் இன்று பெரும்பாலும் முதியவர்களின் வாயில் மட்டுமே இருக்கிறது. ஆட்சி மாறும்போது ஆட்சிச் சொற்களும் மாறும். அடுக்களைச் சொற்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

ஒலியில் கணக்கு வேறு. அங்கே புதிய மொழிதான் தாய்மொழிக்கு வளைந்து கொடுத்தது. யாழ்ப்பாணப் பேச்சில் 'ற்ற' என்பது நாக்கு நுனி மேற்பல்லின் பின்னுள்ள முரசைத் தொட்டு எழும் வெடிப்பொலி. காற்று, சேற்று என்ற சொற்களில் அதைத் தெளிவாகக் கேட்கலாம். ஆங்கிலச் சொற்களில் தமிழ்நாட்டார் 'ட'வாகக் கேட்கும் ஒலியும் ஏறக்குறைய அந்த இடத்திலேயே பிறக்கிறது. ஆகவே தமிழ்நாட்டில் 'டீச்சர்' என்றும் 'கம்ப்யூட்டர்' என்றும் எழுதப்படுபவை யாழ்ப்பாணத்தில் 'ரீச்சர்', 'கொம்பியூற்றர்' ஆயின. இந்த எழுத்து முறையைப் பிழையென்று நகைப்பவர்கள் உண்டு. நகைக்க ஏதுமில்லை, தமிழின் பழைய ஒலியொன்றைக் காத்து வைத்திருக்கும் செவி கேட்டபடி எழுதியதே அது.

ஊர்ப்பேச்சில் மட்டுமல்ல, தனி ஒருவரின் மனத்திலும் பின்னர் கற்ற மொழிகள், மூன்றாவது மொழியும்கூட, தாய்மொழிக்குள் திரும்பிவந்து வேலை செய்வதை ஆய்வு காட்டியுள்ளது. நெதர்லாந்தில் ஜேனட் வான் ஹெல், டொன் டைக்ஸ்ட்ரா இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு டச்சு மொழியைத் தாய்மொழியாகவும், ஆங்கிலத்தை இரண்டாவதாகவும், பிரெஞ்சை மூன்றாவதாகவும் கொண்டவர்களைப் பற்றியது. சோதனை முழுவதும் டச்சிலேயே நடந்தது. ஆங்கிலச் சொல்லோடு ஒத்திருந்த டச்சுச் சொற்களை அவர்கள் விரைவாக அடையாளம் கண்டனர். பிரெஞ்சோடு ஒத்த சொற்களில் அந்த விரைவு பிரெஞ்சில் தேர்ச்சி கூடியவர்களிடம் மட்டுமே தெரிந்தது. தாய்மொழியில் மட்டும் இயங்கும் வேளையிலும் மற்ற மொழிகள் உறங்குவதில்லை என்பதும், மூன்றாவது மொழி அரைகுறையாக நின்றால் அதன் தடம் தெரிவதில்லை என்பதும் இதனால் தெரியவந்தன.

முழுமையாகக் கற்ற பல மொழிகள் ஒருவருடைய தமிழை என்ன செய்யும் என்பதற்கு அச்சுவேலியிலேயே பெரிய சான்று உண்டு. 1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் வைத்திலிங்கமாகப் பிறந்த குழந்தை, தந்தையை இளமையிலேயே இழந்தது. தாய் அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்ய, பிள்ளை கத்தோலிக்கராகி அச்சுவேலியில் வளர்ந்தது. அவரே நல்லூர் ஞானப்பிரகாச சுவாமிகள். தம்பிமுத்துப்பிள்ளை நூலாசிரியர், அச்சகம் நடத்தியவர். அச்சுக் கோக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல் என்பது எழுத்தெழுத்தாகப் பிரித்து அடுக்கக்கூடிய பொருளாகவே கண்ணில் பட்டிருக்கும். ரயில்வேயில் சிலகாலம் எழுதுவினைஞராக இருந்துவிட்டு, 1895இல் குருமடத்தில் சேர்ந்து, 1901இல் குருவானார். ஆங்கிலத்தில் தொடங்கி இலத்தீன், வடமொழி, சிங்களம் என்று அவர் கற்ற மொழிகளின் எண்ணிக்கையை 72 என்று சொல்வது வழக்கம். எண்ணிக்கையைவிட அவற்றைக் கொண்டு அவர் செய்ததே பெரிது: அந்த மொழிகள் அனைத்தையும் தமிழ்ச் சொல்லின் பிறப்பைத் தேடும் விளக்குகளாக்கினார். 1938இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி, 1947இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. அவருடைய மாணவர் தாவீது அடிகள் அந்தப் பணியைத் தொடர்ந்தார்.

தமிழ்ச் சொற்கள் யாவும் சுட்டொலிகளில் வேர்கொண்டவை என்பது சுவாமிகளின் கொள்கை. ஒரு மொழியின் சொற்கள் அனைத்தையும் சில உயிரொலிகளுக்குள் அடக்குவதைப் பிற்கால மொழியியல் ஏற்கவில்லை, ஏற்காதது சரியே. ஆனால் அவருடைய கவனம் ஏன் சுட்டில் நிலைத்தது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. தொல்காப்பியம் சுட்டு மூன்று என்கிறது: அ, இ, உ. தமிழ்நாட்டுப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துபோயிற்று. யாழ்ப்பாணத்தில் அது உயிரோடு இருக்கிறது. சொல்பவர் கையில் இருப்பது இது. கேட்பவர் பக்கம் இருப்பது உது. இருவருக்கும் தொலைவில் இருப்பது அது. "உதென்ன கையில?" என்று தாய் பிள்ளையைக் கேட்பாள். ஆங்கிலத்தில் இரண்டே சுட்டு என்பதால் இந்த உகரம் அங்கே விழுந்துவிடும். இலத்தீனில் 'இஸ்தே' என்ற சுட்டுக் கேட்பவர் பக்கத்துப் பொருளுக்கு உரியது. போர்த்துக்கேயத்தில் 'எஸ்ஸெ' அதே வேலையைச் செய்கிறது. ஆங்கிலத்தோடு நின்றவருக்கு உது நாட்டுப்புற வழக்காகத் தோன்றலாம். மூன்றாவது மொழியாக இலத்தீனைக் கற்றவருக்கோ அது இலக்கணம்.

இந்த ஒப்புமை சிங்களத்தில் இன்னும் நெருக்கம். மேக என்பது இது, ஓக என்பது உது, அரக என்பது கண்ணுக்குத் தெரியும் அது. முன்பே பேசப்பட்ட பொருளுக்கு ஏக என்று நான்காவது சுட்டும் உண்டு. இரவற்சொற்களிலும் உறவு உண்டு: சிங்களவரும் பாண், போஞ்சி என்றே சொல்கிறார்கள். கந்தோர் அவர்களிடம் கந்தோருவ, லாச்சி லாச்சுவ, துவாய் துவாய. இத்தனை உறவிருந்தும், 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கித் தமிழரின் வேலைவாய்ப்பைப் பறித்ததால், அந்த மொழியைக் கற்பதே தமிழருக்குக் காயமாயிற்று. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாகவும், ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஏற்றது. இன்று தமிழ்ப் பாடசாலைகளில் சிங்களம் இரண்டாம் தேசிய மொழிப் பாடம். தமிழும் ஆங்கிலமும் படிக்கும் பிள்ளைக்கு அது மூன்றாவது மொழி. அதைக் கற்பிப்போர் முதற் பாடத்தைப் பிள்ளையின் வாயிலிருக்கும் உதுவிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ் கற்பிப்போரும் உதுவைக் கொச்சையென்று திருத்துவதை நிறுத்த வேண்டும்.