கரைக்குக் கீழே இருப்போரின் உரிமை: தனியார் மண்ணணைகளும் சட்டமும்

தனியார் வசமிருக்கும் நீர்த்தேக்கம் உடைந்து பிறர் சொத்தை அழித்தால் யார் பொறுப்பு? இதற்கு ஆறாண்டு இடைவெளியில் இரண்டு மாறுபட்ட விடைகள் கிடைத்தன. இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைலண்ட்ஸ் என்ற ஆலை உரிமையாளர் 1860இல் அமைத்த நீர்த்தேக்கத்தின் அடியில், கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இருந்தன. அவற்றின் வழியே இறங்கிய நீர் பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸ் கவனக்குறைவாக நடக்கவில்லை என்றாலும் இழப்பீடு தரவேண்டியவர் அவரே என்று 1868இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சென்னை மாகாணத்துக் கார்வேட்டிநகரம் ஜமீனில் பெருமழையால் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனிக்குச் சேதம் விளைந்தபோது, 1874இல் பிரிவி கவுன்சில் அந்த விதியைப் பொருத்த மறுத்தது. ஏரிகளைக் குடிகளுக்காகப் பேணுவது ஜமீன்தாரின் கடமை, அவற்றைக் கைவிட அவருக்கு அதிகாரமில்லை, ஆகவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால்தான் அவர் பொறுப்பாளி என்றது.

சட்ட நூல்கள் இவ்விரண்டையும் விதியாகவும் விலக்காகவும் அடுத்தடுத்து வைக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை இருப்பதாக நான் கருதுகிறேன். உடைந்த பின் பணம் தருவது யார் என்று இரண்டும் ஆராய்கின்றன. உடையும் முன் கரையில் ஏறிப் பார்க்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இரண்டிலும் எழவில்லை.

அந்தக் கேள்விதான் உயிரைக் காக்கும். மண்கரை பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டிவிடும். மதகை ஒட்டிக் கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை அச்சம் குறைவு. அது கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளுக்குள் அரிபடுகிறது என்று பொருள். கலிங்கு அடைபட்டால் நீர் கரைமேல் புரண்டு, பின்சரிவை மேலிருந்து அறுத்துக்கொண்டே வரும். நண்டு வளைகளும் வேரோடிய மரங்களும் இந்த இரண்டையும் விரைவுபடுத்தும். இவை எல்லாம் நடந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிபவை. பழைய ஏரிப் பாசனத்தில் அப்படிப் பார்க்க ஆட்கள் இருந்தனர். உடைப்பெடுத்தால் முதலில் அழிவது ஆயக்கட்டு. குடிமராமத்துக்கு, அதாவது ஏரியைப் பழுதுபார்க்க, வந்தவர்களும் அந்த ஊரார்தான். அக்காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை, மண் சுமந்தவர்களில் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு துண்டு நிலமும் கிடையாது. ஆனாலும் ஆபத்துக்கு உள்ளானவர்கள் கரைக்கு அந்நியராக இருக்கவில்லை.

ஹவாயின் கவாயி தீவில் நிலை நேர்மாறு. கரும்புத் தோட்டக் காலத்தில் எழுந்த கா லோகோ மண்ணணை பின்னாளில் தனியார் நிலத்தில் இருந்தது. 2006 மார்ச் 14 அன்று, வாரக்கணக்கில் பெய்த மழைக்குப் பின், அது உடைந்து ஏழு பேர் மாண்டனர். நீர் கரைமேல் புரண்டிருக்க வேண்டும் என்றும், அதை வெளியேற்றியிருக்க வேண்டிய கலிங்கு மூடப்பட்டிருந்தது என்றும் விசாரணைச் சான்றுகள் காட்டின. அரசோ அதைக் குறைந்த ஆபத்துள்ள அணை என்று வகைப்படுத்தியிருந்தது. கீழே குடியிருந்தவர்களுக்கு அந்தக் கரையில் கால்வைக்கவே உரிமையில்லை. பின்னர் வந்த குற்றவழக்கும் இழப்பீடும் நியாயமானவையே, ஆனால் அந்த ஏழு பேருக்கு அவற்றால் பயனில்லை.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் தனியார் உரிமையாளரையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றையும் மட்டுமே அது கணக்கில் எடுக்கிறது. எட்டு மீட்டர்க் கரைக்கு நேர்கீழே பள்ளிக்கூடம் இருந்தாலும் அந்தக் கரை சட்டத்தின் பார்வைக்கு வராது. இங்கிலாந்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் உயரத்தை விட்டுவிட்டு, தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டருக்குக் கூடுதலாகத் தேங்கும் நீரை அளவாகக் கொண்டது. அது மேலான அளவுகோல். கீழே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதையே முதல் அளவாகக் கொள்வது அதனினும் மேல்.

அந்த அளவின்படி ஆபத்தானது என்று தெரியும் ஒவ்வொரு கரையையும், கீழே இருப்போர் எழுத்தில் கேட்டால், பொறியாளரை அனுப்பிப் பார்க்கும் ஊராட்சிக்கு அதிகாரம் வேண்டும், செலவு உரிமையாளருடையது. சிறு விவசாயியால் இதைத் தாங்க முடியாது என்ற மறுப்பில் உண்மை உண்டு. தாங்க முடியாதவர் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கலாம், அதற்குச் செலவு குறைவு. இதைவிடக் கடினமான சிக்கல், வாரிசுகள் நிலத்தைக் கூறுபோடும்போது ஒரே கரை நான்கு பட்டாக்களில் சிதறுவது. ஆகவே கரையின் நிலை குறித்த பொறியாளர் சான்று இணைக்கப்படாத கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்யக் கூடாது. பங்கு எவ்வளவு சிறியதானாலும் வாங்குபவர் ஒவ்வொருவரும் முழுக்கரைக்கும் பொறுப்பேற்க வேண்டும்.