கிளாங்: சி மொழிக் குடும்பத்தின் திறமூல முன்முனை

கிளாங் என்பது சி, சி++, ஆப்ஜெக்டிவ்-சி ஆகிய நிரல்மொழிகளுக்கான திறமூல முன்முனை ஆகும். எல்.எல்.வி.எம். என்னும் நிரல்பெயர்ப்பித் திட்டத்தின் ஒரு பகுதியான இதை ஆப்பிள் நிறுவனம் 2007 ஜூலையில் திறமூலமாக வெளியிட்டது.

முன்முனையின் பணி

கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பி, மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குரிய கட்டளைகளாக மாற்றுகிறது. இதன் முன்முனை நிரலைச் சொல் சொல்லாகப் பிரித்து, இலக்கணத்தையும் பொருளையும் சரிபார்த்து, இடைநிலை வடிவமாக மாற்றித் தரும். அதிலிருந்து செயலிக்கு ஏற்ற கட்டளைகளை உருவாக்குவது பின்முனை. நிரலில் பிழை இருந்தால் அதைப் பெரும்பாலும் எடுத்துச் சொல்வது முன்முனையே. எனவே நிரல் எழுதுபவருடன் நேரடியாகப் பேசும் பகுதி இதுதான்.

பின்னணி

ரிச்சர்டு ஸ்டால்மன் 1987 இல் வெளியிட்ட ஜி.சி.சி. பல ஆண்டுகள் திறமூல உலகின் முதன்மை நிரல்பெயர்ப்பியாக இருந்தது. அதன் பகுதிகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருந்தன. இதற்குக் கொள்கைக் காரணமும் உண்டு. முன்முனையைத் தனியே எடுக்க முடிந்தால், மூலநிரலைப் பகிராத நிறுவனங்கள் அதைத் தம் மூடிய மென்பொருளுடன் இணைத்துப் பயன் பெறும் என ஸ்டால்மன் கருதினார்.

2000 இல் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் (அர்பானா-சாம்பெயின்) எல்.எல்.வி.எம். தொடங்கப்பட்டது. மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற பேராசிரியர் விக்ரம் அட்வேயும் அவருடைய மாணவர் கிறிஸ் லாட்னரும் இதைத் தொடங்கினர். இதற்கெனச் சொந்த முன்முனை அப்போது இல்லாததால், ஜி.சி.சி.யின் முன்முனையையே மாற்றியமைத்துப் பயன்படுத்தினர். 2005 இல் எல்.எல்.வி.எம்.ஐ ஜி.சி.சி.யுடன் இணைக்கலாம் என லாட்னர் முன்மொழிந்தார், அது நிறைவேறவில்லை. அதே ஆண்டு அவர் ஆப்பிளில் சேர்ந்தார்.

வளர்ச்சி

நிரல் எழுதும் செயலிக்குள்ளேயே பிழைகாட்டல், சொல் நிரப்பல் போன்ற வசதிகளை ஆப்பிள் விரும்பியது. ஜி.சி.சி.யின் கட்டமைப்பு அதற்கு எளிதில் இடம் தரவில்லை. 2007 இல் வந்த ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு உரிமத்தையும் ஆப்பிள் ஏற்கத் தயங்கியது. ஆகவே புதிய முன்முனை அடியிலிருந்து எழுதப்பட்டது. பிற கருவிகளும் எடுத்தாளக்கூடிய நூலகங்களின் தொகுப்பாக அது அமைந்தது. அதன் உரிமம், மூடிய மென்பொருளிலும் பயன்படுத்த இடமளித்தது.

சி++ மொழியின் இலக்கணம் சிக்கலானது என்பதால் அதற்கான பணி நீண்டது. 2010 பிப்ரவரியில் கிளாங் தன்னைத் தானே பெயர்க்கும் நிலையை அடைந்தது. தன் மூலநிரலே சி++ மொழியில் அமைந்த ஒரு நிரல்பெயர்ப்பிக்கு இது முக்கியமான தேர்வு. 2012 ஆம் ஆண்டுக்கான ஏ.சி.எம். மென்பொருள் அமைப்பு விருது எல்.எல்.வி.எம். பணிக்காக அட்வே, லாட்னர், இவான் செங் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. 2014 இல் வெளியான ஃபிரீபி.எஸ்.டி. 10 இயங்குதளம் முதன்மைச் செயலிகளுக்குக் கிளாங்கையே இயல்புநிலை நிரல்பெயர்ப்பியாகக் கொண்டது.

பிழைச்செய்தியில் மாற்றம்

ஓர் அரைப்புள்ளி விடுபட்டால், பழைய ஜி.சி.சி. வரி எண்ணையும் சுருக்கமான பிழைச்செய்தியையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். பல வேளைகளில் அது அடுத்த வரியின் எண்ணாக இருக்கும். புதிதாகக் கற்கும் மாணவர் பிழையே இல்லாத வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார். கிளாங் அந்த வரியையே காட்டி, விடுபட்ட இடத்தின்கீழ் ஒரு குறியிட்டு, அங்கே வேண்டியது என்ன என்றும் சொல்லியது. பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் சரியான பெயரையும் பரிந்துரைத்தது. 2013 இல் வந்த ஜி.சி.சி. 4.8 பதிப்பும் பிழை உள்ள வரியைக் குறியிட்டுக் காட்டத் தொடங்கியது. இவ்வாறு இந்தப் போட்டியால் இரு தரப்புப் பயனர்களும் பலன் பெற்றனர்.

தமிழும் முன்முனையும்

எந்த எழுத்துகளை ஏற்பது என்பதையும் முன்முனையே முடிவு செய்கிறது. 2013 இல் வெளியான கிளாங் 3.3 முதல், சி நிரலில் மாறிகளுக்கு "மதிப்பெண்" போன்ற தமிழ்ப் பெயர்களை நேரடியாக இடலாம். ஜி.சி.சி.யில் இவ்வசதி 2020 இல் வந்த 10 ஆம் பதிப்பில் கிடைத்தது. மொழியின் கட்டளைச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றையும் தமிழாக்கிய திறமூல முயற்சி, முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி. அதில் திரையில் எழுதுவதற்கான கட்டளை "பதிப்பி".

ஸ்டால்மனின் அச்சம் முற்றிலும் தவறன்று. கிளாங்கை அடிப்படையாகக் கொண்டு மூடிய நிரல்பெயர்ப்பிகளும் வெளிவந்துள்ளன. ஆனால் முன்முனையைத் தனியே எடுத்துப் படிக்கவும் பயன்படுத்தவும் முடிந்ததால்தான், நிரலைச் சீரமைக்கும், பிழை தேடும் திறமூலக் கருவிகள் பலவும் அதன்மேல் எழுந்தன. நிரல்பெயர்ப்பி எவ்வாறு இயங்குகிறது என அறிய விரும்பும் மாணவர் எவரும் அதன் மூலநிரலை இன்று கட்டணமின்றிப் படிக்கலாம்.